பெரியவர்களின் நினைவைக் கேட்டுப் பதிவுசெய்யும் முறை

நினைவு என்பது பதிதல், தங்குதல், மீளுதல் என்ற மூன்று வேலைகளால் ஆனது. ஒரு நிகழ்ச்சி நடக்கும்போது கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, மூக்கில் ஏறிய வாடை, அந்நேரத்து அச்சம் எல்லாம் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் பதிகின்றன. அவற்றை ஒன்றோடொன்று முடிந்துவைப்பது ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி. நினைவுகூரும்போது அந்தத் துண்டுகள் திரும்பச் சேர்கின்றன. விட்டுப்போன இடங்களை அவரவர் பழக்கமும், பிறர் சொல்லக் கேட்டவையும் நிரப்பிவிடுகின்றன. இங்கிலாந்து உளவியலாளர் பிரெட்ரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இதைச் சோதனைகளால் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்தவர்கள் அதைத் திரும்பச் சொன்னபோது, கதையில் இருந்த சீல் வேட்டை சிலர் வாயில் மீன்பிடிப்பாக மாறிவிட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நினைவின் இயல்பான வேலை அது.

துண்டுகள் சேர்வதற்கு ஒரு தூண்டல் வேண்டும். மதரசாவில் குர்ஆன் மனனம் செய்யும் மாணவன் ஓதிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடுவான். உஸ்தாத் ஒரே ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்ததும் மிச்சம் முழுவதும் தடையின்றி வரும். வசனம் மறக்கவில்லை, அதற்குப் போகும் வழிதான் மறிபட்டிருந்தது. நினைவைக் கேட்பவரின் வேலையும் அந்த ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பதுதான். அதற்கு மேல் ஒரு சொல் கொடுத்தாலும் அது சொல்பவரின் நினைவோடு கலந்துவிடும்.

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் தம் வீட்டுப் பெரியவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்ய விரும்புவோருக்கானது இந்த அத்தியாயம். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் இந்த மாவட்டத்தில்தான் தஞ்சம் புகுந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியாகவே கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தனர். உடப்பில் கரைவலை இழுத்தவர்கள், களப்பில் இறால் பிடித்தவர்கள், உப்பளத்தில் வேலை செய்தவர்கள் ஆகியோரிடமும் எழுதப்படாத செய்திகள் ஏராளம்.

யாரிடம், எதைக் கேட்பது

வயதானவர்கள் தம் வாழ்வை நினைவுகூரும்போது ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான காலமே அதிகமாகவும் தெளிவாகவும் வருகிறது. பல நாடுகளில் செய்த ஆய்வுகளில் இது உறுதியாகியுள்ளது. ஆகவே 1970களின் கரைவலைத் தொழிலைப் பற்றி அறிய, அப்போது இளைஞராக இருந்தவரைத் தேட வேண்டும். அன்று நடுவயதில் இருந்த, வலைக்கு உரிமையாளரான சம்மாட்டியிடம் கணக்கு வழக்கு நன்றாகக் கிடைக்கலாம். ஆனால் முதல் நாள் கயிறு பிடித்த உணர்வை அன்றைய இளைஞரே சொல்லுவார்.

ஓர் அமர்வுக்கு ஒரு பொருள் போதும். "உங்கட வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று தொடங்கினால், ஊர்க் கூட்டத்தில் பலமுறை சொல்லித் தேய்ந்த கதையே கிடைக்கும். "முதன்முதலாக மீன்வாடிக்குப் போன பருவம்" என்று கேட்டால் புதிய செய்தி வரும்.

ஆயத்தம்

1. சம்மதம் பெற வேண்டும். எதற்காகப் பதிவு, யார் கேட்பார்கள், எங்கே வைக்கப்படும் என்பதை முன்னரே சொல்ல வேண்டும். எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

2. நேரத்தை முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலான முதியவர்களுக்குக் காலை நேரத்தில் நினைவு நன்றாக வேலை செய்யும். 9 மணிக்கும் 11 மணிக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. நோன்பு காலத்தில் பிற்பகல் அமர்வு வேண்டாம். ஓர் அமர்வு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

3. ஒலியைச் சோதிக்க வேண்டும். கைத்தொலைபேசியே போதுமானது. மின்விசிறியை நிறுத்தி, மடித்த துவாயின் மேல் தொலைபேசியை வைத்தால் மேசை அதிர்வு பதியாது. கடற்கரையில் பதிவுசெய்தால் காற்று சொற்களை விழுங்கிவிடும். வாடியின் சுவருக்குப் பின்னால், காற்று மறைவில் உட்கார வேண்டும்.

4. காலப் பட்டியல் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கொடுக்கும் அரை மணி நேரம் பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

காலப் பட்டியல் அமைப்பது எப்படி

மூளை நிகழ்ச்சிகளைத் திகதியிட்டு அடுக்கி வைப்பதில்லை. எந்த ஆண்டு என்று கேட்டால் பெரும்பாலோர் ஊகித்தே சொல்வர். ஒரு நிகழ்ச்சி இன்னொன்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் விடை பெரும்பாலும் சரியாக வரும். ஆகவே திகதி உறுதியாகத் தெரிந்த நிகழ்ச்சிகளை நட்டு, அவற்றுக்கு இடையில் மற்றவற்றைப் பொருத்த வேண்டும்.

இலங்கையில் எல்லோரும் அறிந்தவை: 1971 ஏப்ரல் கிளர்ச்சி, 1977 ஜூலைத் தேர்தல், அதற்கு முந்திய பாண் வரிசைக் காலம், 1982இல் ரூபவாஹினி தொடங்கியது, 1983 ஜூலைக் கலவரம், 1990 ஒக்டோபர் வெளியேற்றம், 1995 ஜனவரியில் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் கொழும்புக்கு வந்தது, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2009 மே மாதப் போர் முடிவு, 2022 எரிபொருள் வரிசை. இந்தக் கரைக்கே உரியது 2011இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையம். குடும்பத்துக்கே உரியவை திருமணம், மூத்த பிள்ளை பிறந்தது, வீட்டுக்கு மின்சாரம் வந்தது. இவற்றில் பிறப்புச் சான்றிதழ் போன்ற எழுத்துச் சான்று உள்ளவற்றை முதலில் நட வேண்டும்.

ஆண்டுக்குள் மாதத்தைக் கண்டுபிடிக்கப் பருவமும் திருவிழாவும் உதவும். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும். ஆடியில் உடப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு, மார்ச்சிலும் ஓகஸ்டிலும் தலவில புனித அன்னாள் ஆலயத் திருவிழா. "தீமிதிப்புக்கு முன்னயா, பிறகா?" என்ற கேள்வி "எந்த மாசம்?" என்பதைவிடப் பத்து மடங்கு பயன் தரும்.

நோன்பை அடையாளமாக வைக்கும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இஸ்லாமிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. 1980இல் ஜூலை நடுப்பகுதியில் தொடங்கிய நோன்பு, 1990இல் மார்ச் இறுதியில் தொடங்கியது. "நோன்புக்கு அடுத்த மாசம்" என்று பெரியவர் சொன்னால், அந்த ஆண்டின் நோன்பு எந்த மாதத்தில் வந்தது என்று பார்த்த பின்பே ஆங்கில மாதத்தை எழுத வேண்டும்.

அமர்வை நடத்தும் வரிசை

அமெரிக்க உளவியலாளர்களான எட்வர்ட் கைசல்மனும் ரொனால்ட் ஃபிஷரும் 1980களில் சாட்சிகளை விசாரிக்க ஒரு முறையை உருவாக்கினர். சூழலை மனத்தில் மீண்டும் அமைத்தல், எதையும் விடாமல் சொல்லச் சொல்லுதல், வரிசையை மாற்றிக் கேட்டல், வேறொரு கோணத்திலிருந்து பார்த்தல் ஆகியவை அதன் நான்கு கூறுகள். வீட்டுப் பதிவுக்கு முதல் மூன்றே போதும். நான்காவது கூறு கற்பனையைக் கிளறிவிடக் கூடும் என்பதால் அதை விட்டுவிடுவதே நல்லது.

1. சூழலை அமைக்க வேண்டும். அன்று பொழுது எப்படி இருந்தது, எந்த வீடு, எந்தப் பக்கம் வாசல், யார் பக்கத்தில் என்று கேட்டு, பெரியவர் அந்த இடத்தை மனத்தில் காண நேரம் கொடுக்க வேண்டும்.

2. ஒரு பரந்த கேள்வியோடு நிறுத்த வேண்டும். "அண்டைக்கு விடிஞ்சதில இருந்து சொல்லுங்க." அதன் பின் கேட்பவர் வாய் திறக்கக் கூடாது.

3. மௌனத்தைத் தாங்க வேண்டும். பெரியவர் நிறுத்தினால் மனத்துக்குள் பத்து வரை எண்ண வேண்டும். பதிவில் கிடைக்கும் மிகச் சிறந்த செய்திகள் பெரும்பாலும் இந்தப் பத்து எண்ணிக்கைக்குப் பின்பே வருகின்றன.

4. முழுதும் சொல்லி முடித்த பின், அவர் பயன்படுத்திய சொல்லையே எடுத்துக் கேட்க வேண்டும். "பெட்டி எண்டு சொன்னீங்க, அதைப் பற்றிச் சொல்லுங்க."

5. புலன்களைத் தனித்தனியே கேட்க வேண்டும். என்ன சத்தம், என்ன மணம், காலுக்குக் கீழே என்ன, கையில் என்ன.

6. வரிசையைத் திருப்ப வேண்டும். கடைசியில் நடந்ததிலிருந்து பின்னோக்கிச் சொல்லும்போது, முதல்முறை தாண்டிப்போன இடங்கள் எதிர்ப்படும்.

7. காலப் பட்டியலை விரிக்க வேண்டும். திகதி பற்றிய கேள்விகள் இங்குதான் வர வேண்டும், முன்னால் வரக் கூடாது.

8. பழைய படங்கள், கடிதங்கள் இருந்தால் இறுதியில் காட்ட வேண்டும். முதலிலேயே காட்டினால், படத்தில் உள்ளதே நினைவாகிவிடும்.

கேள்வி எப்படிப் பதிலை மாற்றும் என்பதைக் காட்ட அமைத்த ஒரு மாதிரி உரையாடல் கீழே உள்ளது. பேத்தி கேட்கிறாள். அவளுடைய உம்மும்மா இளம் வயதில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தவர்.

தவறான கேள்வி:

"கற்பிட்டியில இறங்கினதும் எல்லாரும் அழுதீங்களா, உம்மும்மா?"

"ஓம் மகள், எல்லாரும் அழுதம்."

இந்தப் பதிலில் உம்மும்மாவின் நினைவு எதுவும் இல்லை. பேத்தியின் சொல் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவே.

சரியான கேள்வி:

"வள்ளத்தை விட்டு இறங்கினீங்க. அப்ப காலுக்குக் கீழ என்ன இருந்திச்சு?"

"தண்ணி. முழங்கால் மட்டும் தண்ணி. மணல் இல்ல, சேறு."

(மௌனம். பேத்தி காத்திருக்கிறாள்.)

"ஒரு செருப்பு சேத்துக்குள்ள போயிட்டு. குனிஞ்சு தேடப் போனன். உம்மா கையைப் புடிச்சு இழுத்திட்டா. மற்றச் செருப்பை நான் எறியல்ல. அந்த ஒண்டைக் கன நாள் வச்சிருந்தன்."

ஒற்றைச் செருப்பு எந்த அறிக்கையிலும் இருக்காது. வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தை விசாரித்த குடிமக்கள் ஆணைக்குழுவின் விரிவான அறிக்கை 2011இல் வெளிவந்துவிட்டது. எத்தனை பேர், எந்த ஊர், எந்த நாள் என்பவை அதில் உண்டு. வீட்டில் செய்யும் பதிவு அத்தகைய அறிக்கை தொடாத இடத்துக்குப் போக வேண்டும்.

குறிப்பு: முடிந்தால் இரண்டாம் அமர்வை நிகழ்ச்சி நடந்த இடத்திலேயே வைக்கலாம். 1975இல் ஸ்கொட்லாந்துக் கடலில் சுழியோடிகளிடம் செய்த புகழ்பெற்ற சோதனையில், நீருக்கடியில் கற்ற சொற்கள் நீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன. பிற்காலத்தில் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. எனவே இடம் மட்டும் எல்லாவற்றையும் மீட்டுத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கரையில் நிற்கும்போது கண்ணில் படும் ஒவ்வொன்றும் ஒரு தூண்டல் என்பதால், அந்தப் பயணம் வீண்போகாது.

கை அறிந்த நினைவு

வலை பின்னுதல், கயிறு முடிதல், உப்பு வாருதல் போன்றவை வேறு வகை நினைவு. அமெரிக்கரான ஹென்றி மொலைசனுக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக இருபக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அகற்றினர். அதன் பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. ஆயினும் கண்ணாடியில் பார்த்து உருவம் வரையும் பயிற்சியில் அவர் நாளுக்கு நாள் தேறினார். முந்திய நாள் அதைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. கைத்திறன் மூளையின் வேறு பகுதிகளில் தங்குகிறது என்பதை அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் இவ்வாறு கண்டறிந்தார்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி எளியது. கை அறிந்ததை வாயால் சொல்லக் கேட்கக் கூடாது, செய்யக் கேட்க வேண்டும்.

1. கிழிந்த வலைத் துண்டையும் வலை ஊசியையும் பெரியவர் கையில் கொடுக்க வேண்டும்.
2. முதல் தடவை பேச்சின்றி முழுதாகச் செய்ய விட்டு, கைகள் மட்டும் தெரியும்படி காணொளி எடுக்க வேண்டும்.
3. இரண்டாம் தடவை மெதுவாகச் செய்யச் சொல்லி, ஒவ்வொரு அசைவுக்கும் அவர்கள் வழங்கும் பெயரைக் கேட்க வேண்டும்.
4. மூன்றாம் தடவை கேட்பவரே செய்து பார்க்க வேண்டும். தவறாகச் செய்யும்போது பெரியவர் திருத்துவார். அவர் சொல்லாமல் விட்ட நுட்பங்கள் அந்தத் திருத்தங்களில்தான் வெளிவரும்.

உடப்பில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவுக்கும் இதே முறைதான். ஒருவர் அடியெடுத்துப் பாட, கயிறு பிடித்தவர்கள் இழுப்புக்கு ஏற்ப ஏற்றுப் பாடுவது அம்பா. கதிரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் பாடச் சொன்னால் நான்கு அடிக்குப் பிறகு தடுமாறுவார். தாளமும், இழுக்கும் உடலும், ஏற்றுப் பாடும் குரல்களுமே அடுத்த அடியைக் கொண்டுவருபவை. இரண்டு மூன்று பழைய கூட்டாளிகளை வரவழைத்து, ஒரு கயிற்றைத் தூணில் கட்டிப் பிடிக்கக் கொடுத்தால் போதும். கரையில் உண்மையாகவே வலை வளைக்கும் நாளில் பதிவுசெய்வது அதைவிடச் சிறப்பு. ஆனால் இழுபடும் கயிற்றுக்கும் கடலுக்கும் இடையில் நின்று படம் எடுக்கக் கூடாது. கயிறு திடீரென விறைத்தால் ஆளைத் தூக்கி எறியும்.

வழக்கமாக நேரும் பிழைகள்

கேள்விக்குள் விடையை வைப்பது முதற்பிழை. எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் 1974இல் கார் விபத்துப் படங்களைக் காட்டி, கார்களின் வேகத்தை மாணவர்களிடம் கேட்டனர். கார்கள் "நொறுங்க மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 41 மைல் என்றனர். "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் 32 மைல் என்றனர். ஒரு வினைச்சொல் செய்த வேலை அது. "துரத்தினாங்களா?" என்று கேட்பதும் "என்ன நடந்தது?" என்று கேட்பதும் ஒன்றாகா.

கூட்டமாக உட்கார வைத்துக் கேட்பது அடுத்த பிழை. ஒருவர் உறுதியாகச் சொன்னதை மற்றவர் சில நிமிடங்களில் தம் நினைவாகவே ஏற்றுக்கொள்வார். கணவர் முன்னால் மனைவி "அவர் சொல்றதுதான் சரி" என்று ஒதுங்கிவிடுவார். பெண்களிடம் தனியாக, பெண் ஒருவரே கேட்பது நல்லது. கூட்டமாகக் கேட்கக் கூடாது என்பதற்கு அம்பா மட்டும் விலக்கு.

உறுதியான குரலை உண்மைக்குச் சான்றாகக் கொள்வது மூன்றாவது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அச்செய்தியை எங்கே, எப்படிக் கேட்டார்கள் என்று உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டு கழித்து அதே கேள்விக்குப் பதில் தந்தவர்களில் கால்வாசிப் பேர், முன்பு எழுதிய எதனோடும் பொருந்தாத விடைகளைச் சொன்னார்கள். அவர்களில் பலரும் தம் நினைவைப் பற்றி ஐயமே கொள்ளவில்லை. பெரும் அதிர்ச்சி தந்த நிகழ்ச்சியின் மையம் நிலைத்து நிற்கும், ஓரங்கள் நழுவும். வள்ளம் ஏறியது உறுதி. வள்ளத்தில் எத்தனை பேர் என்பது வேறொருவரிடமும் கேட்க வேண்டிய ஒன்று.

நடுவில் திருத்துவது நான்காவது. "இல்ல அம்மம்மா, அது எண்பத்து மூண்டு" என்று ஒருமுறை குறுக்கிட்டால், அதன் பின் அம்மம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் பேரனின் முகத்தைப் பார்ப்பார். ஐயத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, இறுதியில் காலப் பட்டியலோடு கேட்க வேண்டும்.

பாதுகாப்பு

இடம்பெயர்வு, கடல் விபத்து, உறவினர் காணாமற்போனது ஆகியவை பற்றிக் கேட்பது காயத்தைத் தொடுவது. கீழ்க்கண்டவற்றை விதியாகவே கொள்ள வேண்டும்.

1. பெரியவர் தொடாத பொருளைக் கேட்பவர் தொடக் கூடாது. ஓரிடத்தில் பேச்சைத் திருப்பினால், அங்கே திரும்ப இழுக்கக் கூடாது.

2. அழுகை வந்தால் பதிவை நிறுத்த வேண்டுமா என்று கேட்க வேண்டும். "அழாதீங்க" என்று சொல்ல வேண்டாம். தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் இருந்தால் போதும்.

3. மூச்சு வாங்குதல், நடுக்கம், கேள்வி காதில் விழாததுபோல் வெறித்துப் பார்த்தல் தெரிந்தால் உடனே நிறுத்தி, நிகழ்காலத்துக்குக் கொண்டுவர வேண்டும். தேநீர், முற்றம், பேரப்பிள்ளை போன்ற பேச்சு உதவும். அன்று மீண்டும் தொடங்கக் கூடாது.

4. கடினமான பேச்சோடு அமர்வை முடிக்கக் கூடாது. கடைசிப் பத்து நிமிடம் சமையல், விளையாட்டு, திருமண வீடு என்று நல்ல நினைவுக்கு வைக்க வேண்டும். மறுநாள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். தூக்கமின்மையோ பதற்றமோ நீடித்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தேசிய மனநல உதவி எண் 1926.

5. நினைவிழப்பு நோய் உள்ளவரிடம் "என்னைத் தெரியுதா?", "இண்டைக்கு என்ன நாள்?" என்று சோதிக்கக் கூடாது. நோயின் ஆரம்பத்தில் அண்மை நினைவு குறைந்தாலும் இளமை நினைவு ஓரளவு நிற்கும். பத்து நிமிடப் பேச்சு, பழைய பாட்டு, கைவேலை என்று சிறு அளவில் செய்யலாம்.

6. குற்றஞ்சாட்டப்படும் அயலவர், அதிகாரிகள், ஆயுதம் தாங்கியோர் ஆகியோரின் பெயர் உள்ள பகுதிகளை வெளியில் பகிரும் பிரதியிலிருந்து நீக்க வேண்டும். காணிப் பிணக்குத் தொடர்பானவற்றைத் தனிக் கோப்பில் வைக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் ஒலிப்பதிவைப் போடவே கூடாது.

பதிவு முடிந்த பின்

கேட்பவரின் நினைவும் அதே விதிக்கு உட்பட்டதே. ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம்மையே சோதித்து 1885இல் வெளியிட்ட கணக்கின்படி, மனனம் செய்த பொருளற்ற அசைகளில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் நழுவின. பொருளுள்ள பேச்சு அவ்வளவு வேகமாகப் போகாது. எனினும் பெரியவர் எந்தச் சொல்லில் தலை தாழ்த்தினார், எப்போது கையை அசைத்தார் என்பவை ஒலிப்பதிவில் இருக்கா. அவற்றை அன்றே எழுத வேண்டும்.

1. அன்றிரவே கோப்புக்குப் பெயர், ஊர், திகதி இட்டு, தொலைபேசிக்கு வெளியே இரண்டு இடங்களில் பிரதி வைக்க வேண்டும்.
2. ஒரு வாரத்துக்குள் பேச்சு வழக்கிலேயே எழுத்தில் வடிக்க வேண்டும். "நிண்டன்" என்பதை "நின்றேன்" ஆக்க வேண்டாம். மன்னார்ப் பேச்சும் கற்பிட்டிப் பேச்சும் உடப்புப் பேச்சும் வேறு வேறு. அந்த வேறுபாடும் பதிவின் ஒரு பகுதி.
3. இரண்டு பேர் சொன்னது முரண்பட்டால் இரண்டையும் பெயரோடு எழுத வேண்டும். ஒன்றை அழித்து மற்றதைச் சரியாக்கக் கூடாது.
4. கேட்பவரின் ஊகத்தை அடைப்புக்குறிக்குள் தனியே காட்ட வேண்டும்.
5. எழுதியதைப் பெரியவருக்கு வாசித்துக் காட்டி, அவர் நீக்கச் சொன்னதை நீக்க வேண்டும். வாசிக்கும்போது புதிதாக ஏதாவது நினைவுக்கு வந்தால், அதை முதற்பதிவோடு கலக்காமல் அன்றைய திகதியிட்டுத் தனியே சேர்க்க வேண்டும்.
6. ஒரு பிரதி பெரியவரின் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

1990 ஒக்டோபரில் 40 வயதாக இருந்தவருக்கு 2025இல் 75 வயது. முதல் அமர்வுக்கான நாளை இந்த வாரத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.